ஓடுகிற மோட்டாருக்கு மருந்து எதற்கு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் ராஜபாளையத்து மில்களில் இன்ஜினியர்கள் கைவிட்ட மோட்டாரெல்லாம் என் பட்டறைக்குத்தான் வரும். நான் காயில் கட்டினால் பத்து வருஷம் ஓடும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங்கில் ஊன்றி, பிடியில் காதை வைத்தால் உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரிக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறானது. முதுகில் காது வைத்துக் கேட்டேன். லூஸ் கனெக்‌ஷன் மாதிரி விட்டுவிட்டு அடித்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சில வாரம் மாத்திரை கொடுத்து, பிறகு கரண்ட் ஷாக் வைத்துச் சரிசெய்யலாம் என்றார் மதுரை டாக்டர்.

"ஊரு மோட்டாருக்கெல்லாம் கரண்ட் குடுக்கிறவுக பொண்டாட்டிக்கே கரண்டா!" என்று சிரித்தாள் அவள்.

மயக்கம் கொடுத்து ஒரே ஒரு தடவைதான் வைத்தார்கள். வெளியே வந்ததும் காது வைத்தேன். புது மோட்டார்கூட அவ்வளவு சீராக ஓடாது.

"துடிப்பு சீராயிட்டாலும் மாத்திரையை விட்டுறாதீங்க. உள்ள ரத்தம் உறைஞ்சா மூளைக்குப் போயிரும்," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பின், பல் விளக்கும்போதெல்லாம் அவள் ஈறில் ரத்தம் கசிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, ஓடுத மோட்டாருக்கு எதுக்கு மருந்து? நிப்பாட்டு."

"டாக்டர் விடக்கூடாதுன்னாகளே."

"அவரு ஒன்னைய நேத்துப் பாத்தவரு. நான் இருவது வருசமா பாக்கேன். எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று நம்பினாள். மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

மாத்திரையை விட்ட ஒன்பதாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு பஸ்ஸில் போனோம். ஊர் நெருங்கும்போது என்னவோ சொல்ல வந்தாள். வாய் கோணியது. மடியில் இருந்த வலது கை நழுவித் தொங்கியது.

அங்கிருந்த ஆஸ்பத்திரியில், "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாகளா?" என்று கேட்டார்கள். ஊரெல்லாம் பேசுகிற என் வாய் திறக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவளாலும் சொல்ல முடியவில்லை.

பேச்சு திரும்பவே இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்தபின் ஒருநாள் அவளைச் சாய்த்து உட்காரவைத்து, பழைய பழக்கத்தில் முதுகில் காது வைத்தேன். சீராகத்தான் ஓடியது.

"ஏட்டி, ஒரு வார்த்தை ஏசேன்," என்றேன்.

இடது கையை மெல்லத் தூக்கி, என் தலையை அவள் தள்ளிவிட்டாள்.