டிரைவர் சாப்பிடும் இடம்

ஒஸ்வால்டோவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. வாசலில் ஆள் நின்று கூவிக் கூப்பிடும் ஓட்டல் என்றால் அந்தப் பக்கமே போகமாட்டார். சாப்பாட்டுப் பட்டியலில் படம் போட்டிருந்தால் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். என்ன செய்வது, பிழைப்போ இத்தாலியில் சுற்றுலாப் பேருந்து ஓட்டுவது. கம்பெனி சொன்ன ஓட்டலில்தான் வெளிநாட்டுக்காரர்களை இறக்கிவிட வேண்டும். அங்கே ஆளும் இருப்பான், படமும் இருக்கும். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, தான் சாப்பிட வேறு இடம் போய்விடுவார்.

அவருடைய கூட்டாளி தார்சீசியோ ஒருமுறை இரக்கப்பட்டு ஒரு குழுவை நல்ல கடைக்குக் கூட்டிப்போனான். கம்பெனியே அனுப்பிய ஒருத்தி அந்தக் குழுவில் பயணிபோல உட்கார்ந்திருந்தாள். மறுவாரமே அவன் சீட்டுக் கிழிந்தது. இப்போது மைத்துனன் கடையில் டயர் மாற்றிக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து ஒஸ்வால்டோ, இந்தக் கூட்டத்தில் கம்பெனி அனுப்பிய ஆள் யார் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்டுகிறார். ஐம்பத்தெட்டு வயதில் இனி எவன் வேலை தருவான்?

இந்த முறை ஆள் யாரென்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. குன்வோர்தான். நார்வேக்காரி, தனியாக வந்தவள். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளாம். மாலை வகுப்புக்குப் போய் இத்தாலியன் படித்தாளாம். சொல்வதற்கென்ன, யாரும் எதையும் சொல்லலாம். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு சாலையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராவென்னாவில் குழுவை இறக்கிவிட்டு, வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் நீவெஸின் கடைக்கு நடந்தார். பெயர்ப் பலகைகூட இல்லாத கடை அது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், குன்வோர் கைப்பையை அணைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். விரட்டினாலும் புகார் போகும், உட்கார வைத்தாலும் புகார் போகும். கதவைத் திறந்து பிடித்தார்.

"என்னய்யா, இன்னைக்கு ஜோடியா வந்திருக்க?" என்றாள் கடைக்கார நீவெஸ்.

"வாய மூடிட்டு சூப்பைக் கொண்டா."

பசாதெல்லி வந்தது. ரொட்டித்தூளையும் சீஸையும் முட்டையையும் பிசைந்து, முறுக்குப் பிழிவதுபோலப் பிழிந்து, கோழிச் சூப்பில் வேகவிட்டது. ஒஸ்வால்டோ சாப்பிடுவதுபோல் பாவனை செய்துகொண்டு அவளை வேவு பார்த்தார். நிஜமான வெளிநாட்டுக்காரி என்றால் ரொட்டிக்கு வெண்ணெய் கேட்பாள். இவள் கேட்கவில்லை. அடுத்து முயல்கறி வந்தது. கறி தீர்ந்ததும் ரொட்டியைப் பிய்த்து, தட்டில் மிச்சமிருந்த குழம்பை ஒரு சொட்டு விடாமல் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக்குப் பின் இத்தாலிக்காரர் யாரும் குடிக்காத பால் விட்ட காபியையாவது கடைசியில் கேட்கிறாளா என்று காத்திருந்தார்.

"கறுப்புக் காபி, சின்னதா," என்றாள் குன்வோர். பில் எங்கே என்று பரபரக்கவும் இல்லை. சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவ்வளவுதான், ஒஸ்வால்டோவுக்குப் பொறுக்கவில்லை. "நடிச்சது போதும்மா. கம்பெனிதானே உங்களை அனுப்புச்சு?"

"எந்தக் கம்பெனி?"

"வெண்ணெய் கேக்கல. பால் காபி கேக்கல. தட்டை எங்க ஊர்க்காரி மாதிரி வழிக்கிறீங்க. இதெல்லாம் நார்வேயில எவன் சொல்லிக் கொடுத்தான்?"

"நீங்கதான். வழியில வண்டிய நிறுத்துறப்பல்லாம் டப்பாவைத் திறந்து ரொட்டியால வழிச்சுச் சாப்பிட்டு, கறுப்புக் காபி குடிப்பீங்களே, பாத்துக்கிட்டே இருந்தேன்."

"எதுக்குப் பாக்கணும்?"

"எனக்கும் சந்தேகம்தான். எங்களைக் கொண்டுபோய் விடுற ஓட்டல்ல நீங்க ஒரு நாளும் சாப்பிடல. ஏன்னு புரியல. இன்னைக்குப் புரிஞ்சுபோச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபியை உறிஞ்சினாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. என் வேலை போயிடும்."

"சொல்லமாட்டேன். ஆனா நாளைக்கு நீங்க எங்களோட உக்காந்து சாப்பிடணும்."

மறுநாள் ஃபெர்ராராவில், வாசலில் கூப்பிடுகிறவனைத் தாண்டி ஒஸ்வால்டோ முதல்முறையாகக் கம்பெனி ஓட்டலுக்குள் நுழைந்தார். ஸ்பகெட்டி வந்தது. குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகக் கிடந்தது. முள்கரண்டியை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. பேருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டீங்களா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நேத்து விஷயத்தை மூச்சு விடல," என்றாள் பக்கத்தில் இருந்த குன்வோர். "இந்த ஊர் சாப்பாட்டு முறையைக் கத்துக்கணும்னா டிரைவரைப் பாத்துச் சாப்பிடுங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

சமையலறை வாசலில் ஓட்டல் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கம்பெனி முதலாளியோடு வாரம் தவறாமல் போனில் பேசுகிறவர் அவர். ஒஸ்வால்டோ ஒரு வாய் எடுத்து வைத்தார். மாவுக் கூழ்தான் தொண்டையில் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு தட்டைக் காலி செய்துவிட்டால் வேலை தப்பும். இவர்களும் சாப்பிட்டுவிடுவார்கள். இத்தாலியில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். தார்சீசியோவின் கரி படிந்த கைகள் நினைவுக்கு வந்தன.

"என்ன ஒஸ்வால்டோ, பசிக்கலையா?" என்று அங்கிருந்தே கேட்டார் மேலாளர்.

"நல்லாவே பசிக்குது," என்ற ஒஸ்வால்டோ, முள்கரண்டியை வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

மேசை மேசையாகத் தட்டுகள் நகரும் சத்தம் கேட்டது.