படம் போதும், ரிப்போர்ட் வேண்டாம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு செருப்புக் கடை. மாதத்தில் ஒரு நாள்தான் அது கடை மாதிரி இருக்கும்: அமாவாசைக்கு மறுநாள். மேல்மலையனூரில் அம்மனைப் பார்க்க நெரிசலில் புகுந்தவர்களில் பலர் செருப்பைத் தொலைத்துவிட்டு, ஸ்பெஷல் பஸ்ஸில் வெறுங்காலோடு வந்து இறங்குவார்கள். "அம்மா ஒனக்குன்னே கழட்டி வெச்சிக்கிறா அண்ணா" என்று கேலி செய்வாள் என் தங்கை. அவள் சிங்கவரத்தில் அங்கன்வாடி டீச்சர்.

போன வருஷம் அவளுக்கு வலது முழங்காலுக்கு மேலே வலி வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஸ்கூட்டி முன்னால் ஆடு ஓடி வந்து விழுந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் காலில் என்ன வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, "எங்க வுழுந்த?" என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. நானும் உடைத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டு போடுகிற வைத்தியர் ஒருவர் உண்டு. இப்போதெல்லாம் அவரும் எக்ஸ்ரே இல்லாமல் காலைத் தொடமாட்டார். அமாவாசையன்று சாயங்காலம் செஞ்சியிலேயே ஒரு எக்ஸ்ரே சென்டரில் போய் எடுத்தோம். கவுன்ட்டரில் இருந்த அம்மா, "டாக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுதணும், காலைல வந்து வாங்கிக்குங்க" என்றார். மறுநாள் காலை எப்படிப்பட்ட காலை! வெறுங்கால்கள் வரிசையாக வந்து இறங்குகிற காலை. "படம் மட்டும் குடுங்கம்மா, போதும். ரிப்போர்ட்டுலாம் வேணாம்" என்றேன். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவள் வாயே திறக்கவில்லை.

வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "முறிவு இல்ல, ரத்தக்கட்டுதான்" என்றார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. எந்தப் படத்திடமும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: எலும்பு உடைந்திருக்கிறதா? அதற்குச் சரியான பதில்தான் கிடைத்தது. நானும் எட்டிப் பார்த்தேன். தொடையெலும்பு முழங்காலில் வந்து முடிகிற இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று தெரிந்தது. மூட்டு என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆறு மாதம் எண்ணெய், உளுத்தமாவு, முட்டை வெள்ளைக்கரு, துணிக்கட்டு. கட்டுப் போட்ட இரண்டு நாளைக்கு வலி குறைந்த மாதிரி இருக்கும். பிறகு மூட்டு வீங்கியது. ஒரு நாள் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு சப்பணம் போட்டு உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அங்கே சமைக்கிற அம்மா எனக்குப் போன் போட்டார். ஆட்டோவில் ஏற்றும்போது அவள் போட்ட சத்தத்தில் பிள்ளைகளெல்லாம் அழுதார்கள்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுபடி எக்ஸ்ரே, அப்புறம் ஸ்கேன். ஊசி விட்டு எலும்பிலிருந்து துளி சதை எடுத்தார்கள். நெஞ்சுக்குப் பரவியிருக்கிறதா என்று அதற்கும் ஒரு ஸ்கேன். கழுத்திலுள்ள ஒரு சுரப்பி கெட்டாலும் எலும்பு இப்படி அரித்துப்போகுமாம். அதுவா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் "நாளைக்கு வாங்க." ரிப்போர்ட்டுக்காக நாள் கணக்கில் காத்திருக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். நல்ல சமயத்தில் கற்றேன்!

கடைசியில் ஒரு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ஜெயன்ட் செல் ட்யூமர். சின்னச் சின்ன அணுக்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிய பெரிய அணுக்களாகி, எலும்பைத் தின்கிற கட்டி.

"கேன்சரா மேடம்?"

"கேன்சர் இல்லங்க."

"அப்ப நல்லது" என்றேன்.

"அப்படியும் விட்டுட முடியாது. பக்கத்துல இருக்கறதைத் தின்னுக்கிட்டே போகும். எடுத்தாலும் திரும்ப வரலாம். அபூர்வமா நுரையீரலுக்கும் போகும். இவங்களுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துதான் என்ன செய்திருப்பேன்?

முன்னால் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஏதோ உபகாரம் செய்கிறவன்போல ஊருக்கு ஓடிப்போய் வீட்டிலிருந்து எடுத்துவந்தேன். இரண்டு படத்தையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். தங்கை சக்கர நாற்காலியில் இருந்தாள். பழைய படத்தில் அந்தக் கறுப்பைச் சுற்றி எலும்பு மெல்லிசாக, ஆனால் முழுசாக இருந்தது. புதியதில் சுற்றுச்சுவர் இல்லை. கட்டி மூட்டுக்குள்ளேயே புகுந்திருந்தது.

"அப்ப வந்திருந்தா சுரண்டி எடுத்துட்டு சிமென்ட் வெச்சு அடைச்சிருக்கலாம். அவங்க மூட்டு அவங்களுக்கே இருந்திருக்கும். இப்ப வெட்டி எடுத்துட்டு செயற்கை மூட்டுதான் வைக்கணும்."

"கட்டு போட்டதாலயா மேடம்?"

"இல்ல. விழுந்ததாலயும் இல்ல. ஆறு மாசம் போனதால."

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தரையில உக்கார முடியுமா மேடம்?"

"முடியாதும்மா. நாற்காலிதான்."

"பசங்க தரையிலதான் உக்காருவாங்க" என்றாள்.

ஆபரேஷன் அன்று காலை அவளுக்குப் பச்சை கவுன் மாட்டினார்கள். வளையலையும் கம்மலையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். எங்கள் அப்பா, நைனா, ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பியிருந்தார். கடை, வீடு, தங்கை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் நம்பியிருக்கிற மனுஷன். தள்ளுவண்டி வருவதற்குள் அவளிடம் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, ரிப்போர்ட் வேணாம்னு சொன்னது நான்தான். நைனா கேட்டா அப்டியே சொல்லு."

"நீ எங்க சொன்ன..."

"நான்தான் சொன்னேன். நீ கம்முனு இரு."

வண்டி வந்தது. கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நைனா வந்தார், வேர்த்து விறுவிறுத்து. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பவே படம் எடுத்தீங்களேடா. அதுல ஒண்ணும் எழுதலியா?"

என் கைக்குள் அவள் கம்மல் குத்தியது.

"ரிப்போர்ட் வாங்கலாம்னுதான் இருந்தேன். அவதான் வேணாம்னுட்டா நைனா" என்றேன்.