என் தலையில் சொட்டிய தண்ணீர்

ஜமுனாமரத்தூரில் நான் வாடகைக்கு விடும் வீட்டுக்குப் போளூரிலிருந்து ஒரு நர்ஸ் குடிவந்தார். அடுப்படி ஒழுகுகிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம், “நான் கட்டின வூடு ஒழுகாதும்மா. நீங்க சமைக்கிற ஆவிதான் அது” என்று அடித்துப் பேசினேன். கடைசியில் காலி செய்யவும் சொல்லிவிட்டேன்.

“சரிங்கண்ணா. மொட்டைமாடியில ஒரு குடம் தண்ணி ஊத்துறேன். நீங்க அடுப்பாண்ட நில்லுங்க” என்றார்.

வீம்பாகப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் தலையில் சொட்டியது.

“இன்னாண்ணா, ஆவியா?” என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.

மாடிக்கு ஓடினேன். ஈரத்தில் விரிசல்கள் தெளிவாகத் தெரிந்தன. வருஷா வருஷம் நான் புளி தட்டும் இடம் அது. கட்டையால் அடித்தடித்து நானே தளத்தை உடைத்திருக்கிறேன்.

அந்த வாரமே தளம் பூசினேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது யார் குறை சொன்னாலும் முதலில் அவர்கள் சொல்லும் இடத்தில் போய் நிற்கிறேன். பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.