குந்தி உட்கார்ந்த குட்டி

என் அக்காவின் கணவரை ஊரே கலர்க்காரர் என்றுதான் கூப்பிடும். போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எந்த மூஞ்சி உள்ளே போனாலும் வெளியே வரும்போது மாப்பிள்ளைக் களை வந்துவிடும். பரு போகும், கருவளையம் போகும். ஒருமுறை ஒருவருடைய மூக்கு மச்சமும் சேர்ந்து போய், பாஸ்போர்ட் ஆபீசில் ஆள் மாறாட்டம் என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். "போட்டோ சரியாத்தான் இருக்கு. முகத்தைத்தான் அவரு மாத்திக்கணும்" என்றார் அத்தான்.

கொழுந்தியாள் என்பதால் அவரைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்கு உண்டு. அதை நான் வீணாக்கியதில்லை. அந்தக் கடையில் பிரேம் போடுவதும் நான்தான், ஆகவே இதெல்லாம் கேள்விப்பட்ட கதை அல்ல.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். குட்டி என்றே கூப்பிட்டோம். மூன்று வயதாகியும் ஓடியாட மாட்டாள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். உடனே குந்தி உட்கார்ந்து, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அதன்மேல் முகவாயை வைத்துக்கொள்வாள். சற்றுப் பொறுத்து எழுந்து மறுபடி நாலு எட்டு. பார்த்தவர்கள் எல்லாம் உருகிப் போனார்கள். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும். இருக்கிற இடம் தெரியுதா பாரு" என்றார் அத்தானின் அண்ணி. சோபா ஸ்பிரிங்கை அப்போதுதான் உடைத்து முடித்திருந்த தன் மகனை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஆம்பளைப் பிள்ளை.

அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "அழுதா, குளிச்சா, உதடு நீலமாயிடுதுங்க. டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள்.

"அது ட்யூப்லைட்டும்மா" என்றார் அத்தான். மறுநாளே மஞ்சள் பல்பு மாட்டினார். உதடு மாறவில்லை. சுவரின் பச்சைதான் முகத்தில் அடிக்கிறது என்று சுவருக்குச் சந்தன நிறம் பூசினார். அதற்கும் மசியாததால் திரைச்சீலையை மாற்றினார். அந்த வீட்டில் மாறாமல் இருந்தது அவருடைய அபிப்பிராயம் ஒன்றுதான். அக்கா மறுபடி வாயைத் திறந்தால், "நிறத்தைப் பத்தி என்கிட்டயேவா?" என்பார். குட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது அக்கா தெருமுனை டாக்டரிடம் கேட்டுப் பார்த்தாள். குழந்தை வீறிட்டு அழவும், நெஞ்சில் வைத்த குழாயை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டு, சத்துக்குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார் அவர். குட்டி டானிக்கையும் அடக்கமாகவே குடித்தாள்.

ஒருநாள் கடையில் குட்டி குந்தியிருந்ததை அத்தான் படம் எடுத்தார். உதட்டுக்கு ரோஜா நிறம் ஏற்றி, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வாசல் கண்ணாடியில் வைத்தார். தெருவுக்கே பித்துப் பிடித்துவிட்டது. தங்கள் பிள்ளையும் அதே மாதிரி குந்த வேண்டும் என்று வரிசையாக வந்தார்கள். அப்பா ஒரு தோளையும் அம்மா ஒரு தோளையும் பிடித்து அமுக்குவார்கள். பிடியை விட்டதும் பிள்ளை எழுந்து ஓடி விளக்குக் கம்பியில் தொங்கும். அவ்வளவு லட்சணமாக உட்கார எங்கள் வீட்டுப் பெண்ணால்தான் முடியும் என்று அத்தான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த குழந்தைகள் டாக்டர் அம்மா ஒருவர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். வாசல் படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

"இது யாரு குழந்தை?"

"நம்ம பொண்ணுதான் மேடம்."

"இப்படி உட்காரச் சொன்னது நீங்களா?"

"சொல்லவே வேண்டாம். கொஞ்சம் நடந்தா போதும், தானாவே உட்கார்ந்துடுவா."

"மத்தக் குழந்தைங்க இப்படி உட்காருதா?"

"எங்க மேடம். அமுக்கிப் பிடிச்சாலும் நிக்காது. இத்தனை பிள்ளைங்க வந்துச்சு, ஒண்ணுகூட தானா..."

அத்தான் பாதியிலேயே நிறுத்திவிட்டார். தான் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"உதட்டு நிறம் இதேதானா?" என்றார் டாக்டர்.

"அது நான் போட்டது" என்றார் அத்தான். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

போட்டோ எடுத்துக்கொள்ளாமலே, அக்காவையும் குட்டியையும் வரச்சொல்லி, டாக்டர் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். குட்டியின் நகங்களையும், நுனி தடித்திருந்த விரல்களையும் பார்த்தார். அழுகை அடங்கும்வரை காத்திருந்து நெஞ்சில் குழாயை வைத்தார். ஸ்கேனும் எடுத்தார்கள்.

"பிறவியிலேயே இதயத்துல ஓட்டை இருக்கு. நுரையீரலுக்கு ரத்தம் போற வழியும் குறுகலா இருக்கு. மூச்சு முட்டும்போது குந்தினா அவளுக்குக் கொஞ்சம் சுலபமாகுது. அவளாவே கண்டுபிடிச்ச வைத்தியம் அது."

"பிழைச்சுடுவாளா?" என்றாள் அக்கா.

"ஆபரேஷன் பண்ணணும். பண்ணினா நல்லா இருப்பா. தள்ளிப் போடாதீங்க."

விஷயம் தெரிந்ததும் சொந்தம் திரண்டு வந்தது. "இவ்வளவு அடக்கமான பொண்ணுக்கா இப்படி?" என்று அண்ணி மூக்கைச் சிந்தினார். நான் ஏதோ சொல்லப் போனேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யாராவது கதவைத் திறந்தால் அத்தான் எழுந்து நிற்பார், மூடினால் உட்காருவார். மறுநாள் குட்டியைப் பார்க்க எங்களை உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "இங்க என்ன லைட் போட்டிருக்கீங்க?" என்று நர்ஸிடம் கேட்டார். சாதாரண லைட்தான் என்றார் நர்ஸ். நம்பாமல் போய் ஜன்னல் திரையை விலக்கினார். பகல் வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது. மறுபடி குனிந்தார். குட்டியின் உதட்டில் நீலம் துளியும் இல்லை.

"நான் போட்ட கலர் இது இல்ல" என்றார். "எம் பொண்ணு என்ன நிறம்னே எனக்குத் தெரியாம இருந்திருக்கு."

அக்கா அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "நான் இன்னும் பாக்கல."