எலியின் இடது காது

பத்தொன்பது வருடம் எலி பார்த்தேன். வாவிக்கரையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் அனிமல் ஹவுஸில், ஆய்வு எலிகள் வளர்க்கும் கூடத்தில், மரத்தூளும் மூத்திரமும் கலந்து ஒரு வாடை அடிக்கும். ஓய்வுபெற்ற பிறகும் அந்த வாடைக்கு ஏங்குகிறேன். மனைவியிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

அங்கே மறக்க முடியாத நாள், வதனா தராசு மேசையில் தலை கவிழ்ந்து அழுத நாள். கரடியனாற்றுப் பிள்ளை, கலாநிதிப் பட்ட மாணவி. ஒரே தீனி தின்றும் சில எலிகள் மட்டும் ஏன் கொழுக்கின்றன என்பதே அவளுடைய ஆய்வு. அதற்கு ஒரே மரபணு காரணமல்ல. பல சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும். கொழுக்கும் கறுப்பு இனத்தையும் மெலிந்த வெள்ளை இனத்தையும் கலந்து, பேரக்குட்டிகளின் நிறையையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். எலிகளை நிறுத்து, நிறத்தோடு கொப்பியில் எழுதுவதும், டிஎன்ஏவுக்கு வால் நுனி வெட்டுவதும் என் வேலை.

"அண்ணன், டிஎன்ஏப்படி வெள்ளையா இரிக்க வேண்டிய எலி உங்கட கொப்பியில கறுப்பா இரிக்கி. ஒண்டு ரெண்டில்ல."

பேராசிரியர் வந்து பார்த்தார். "சாம்பிள் கலந்துட்டு. எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பத் தொடங்குங்க" என்றார். அவளுடைய பதிவுக்காலமோ அந்த வருடத்தோடு முடிகிறது.

டிஎன்ஏ வாசித்த இடத்தில்தான் பிழை என்று நான் வாய்கூசாமல் சொன்னேன். மறுநாள் கூட்டைத் திறக்கும்போது என் பெருவிரல் தழும்பு கண்ணில் பட்டது.

ஒரு கூட்டில் இரண்டு எலி. ஒன்றுக்கு வலது காதில் துளை, மற்றதற்கு இடது காதில். நிறுக்கும்போது எலியின் முதுகு என் பக்கம் இருக்கும். என் வலது அதற்கும் வலது. வால் வெட்டும்போதும் அப்படித்தான் பிடிப்பேன். ஒருநாள் ஒன்று கடித்துவிட்டது. பயத்தில் அன்றிலிருந்து மல்லாத்திப் பிடித்து வெட்டினேன். அதன் இடது காது என் வலப்பக்கம் வந்தது; நான் வலது என்றே எழுதினேன். எலியைத் திருப்பினேன், என் புத்தியைத் திருப்பவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. போய்ச் சொன்னேன்.

"பிழை என்னிலதான் மகள். கடிபட்ட நாளுக்குப் பிறகு வெட்டினதெல்லாம் சோடி மாறிக் கிடக்கு."

அவள் கோபிக்கவில்லை. "எந்த நாள் அண்ணன்? கெதியாச் சொல்லுங்க!" என்று கொப்பியை இழுத்தாள்.

காயத்துக்கு ஊசி போட்ட ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டில் திகதி இருந்தது. அதற்குப் பிந்திய ஒவ்வொரு கூட்டிலும் இரண்டு எலியையும் மாற்றி எழுதினோம். நிறங்கள் பொருந்தின. கொழுக்க வைக்கும் மரபணு எங்கே என்று காட்டும் கணினிக் கோடு அதுவரை தட்டையாய்க் கிடந்தது; இப்போது இரண்டு இடத்தில் மேடாக எழும்பியது.

"இஞ்ச பாருங்க அண்ணன், இந்த ரெண்டு இடத்திலதான் இரிக்கி!" என்று அவள் அழுதாள். நானும் அழுதேன்.

ஆய்வேட்டில் என் பிழையைத் 'தொழில்நுட்பக் காரணம்' என்று எழுதப் போனாள். "வேணாம் மகள், உள்ளதை எழுதுங்க" என்றேன். எழுதினாள். இனி எலி பிடிக்கப் போகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்: இடதும் வலதும் எலியினுடையவை, பிடித்திருப்பவனுடையவை அல்ல.