கழுவி வைத்த பாத்திரம்

பெயிண்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கலவை கலக்கியவரை எல்லோரும் ‘மில்லி’ என்றே கூப்பிட்டார்கள். ஒரு மில்லி கூடிப்போனாலும் வாளியைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ஆட்குறைப்புப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான்.

ஆய்வக அதிகாரி மட்டும் ஒரு வழி விட்டுவைத்தார். பளபளப்பில்லாத பெயிண்டில் கலக்க மெழுகு மணிகள் வேண்டும். மாவைவிட நுண்ணியதாக, எல்லாம் ஒரே அளவாக.

“மாசக் கடைசிக்குள்ள மூணு தடவை ஒரே மாதிரி செஞ்சு காட்டுங்கண்ணே. உங்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி நான் பேசுறேன்.”

மில்லி சமையலறையைப் பிடித்துக்கொண்டார். உருக்கிய மெழுகை, சோப்பு கரைத்த வெந்நீரில் விட்டு மிக்ஸியில் அடிப்பார். பால் மாதிரி வெளுக்கும். அதை ஐஸ் தண்ணீரில் ஊற்றினால் துளிகள் உருண்டையாகவே இறுகிவிடும். ஆனால் பழைய மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கடுகும் பூசணியுமாகக் கலந்து கிடக்கும்.

“மிக்ஸி எனக்கா, உங்க மெழுகுக்கா? சொல்லிட்டீங்கன்னா நான் கையாலயே நசுக்கிக்கிறேன்” என்பாள் மனைவி.

முப்பத்தோராவது தடவை வாய்த்தது. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடித் தகட்டில் மணிகள் தேனடைபோல வரிசை கட்டி நின்றன. மூச்சை அடக்கிப் பார்த்தார். பிறகு வழக்கம்போலப் பாத்திரத்தைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவி வைத்தார்.

அடுத்தது சொதப்பியது. அதற்கடுத்ததும். அளவு, சூடு, நேரம் எல்லாம் நோட்டில் எழுதியபடியேதான். அப்போதுதான் உறைத்தது: மணிகள் வாய்த்த செவ்வாய்க்கிழமை, கரண்ட் போவதற்குள் முடிக்கும் அவசரத்தில், அடுப்படியில் கிடந்த பாத்திரத்தைக் கழுவாமல் எடுத்திருந்தார்.

“அந்தச் சின்னப் பாத்திரத்துல செவ்வாக்கிழமை என்ன இருந்துச்சு?”

“பால் காய்ச்சியிருப்பேன். இல்ல, சோறு வடிச்ச தண்ணியோ? போன வாரம் எதைக் கொதிக்க வச்சேன்னு உங்க மைக்ராஸ்கோப்பையே கேளுங்க.”

பால் விட்டுப் பார்த்தார். வடித்த தண்ணீர், பருப்புத் தண்ணீர், முட்டை எல்லாம் விட்டுப் பார்த்தார். எதுவும் ஒத்துவரவில்லை. மாதம் முடிந்தது.

“இருக்கிறதையே மூணு பாட்டில்ல பிரிச்சுக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் மனைவி.

“தெரியாதுதான். சேர்ந்த மறுநாளே ‘ஒரு டிரம் செஞ்சு குடுங்கண்ணே’ம்பாரு. அப்ப?”



ஒரே பாட்டிலோடு போனார். அதிகாரி மைக்ராஸ்கோப்பிலிருந்து நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“எங்க லேப்லகூட இப்படி வந்ததில்லண்ணே. எப்படிச் செஞ்சீங்க?”

“தெரியல” என்றார் மில்லி. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதிகாரி பாட்டிலை இறுக மூடி அவர் கையிலேயே கொடுத்தார்.