தொட்டி நிறைந்தால் அடிக்கும்

ஏழாம் வகுப்பு கோடை விடுமுறையில் நான் ஒரு விஞ்ஞானி. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை.

அடி அண்ணாமலையில் அத்தை வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. பௌர்ணமிக்கு வருகிறவர்கள் குளித்து இளைப்பாறப் பின்பக்கம் நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டது முழுக்க அத்தையின் முயற்சி. மாமாவுக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. போன இரண்டு பௌர்ணமியும் மோட்டாரை நிறுத்த மறந்து, மாடித் தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். "இன்னொரு தபா வழிஞ்சா ரூமையெல்லாம் பூட்டிடுவேன்" என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

நான் விடுவேனா? தண்ணீர் பட்டதும் சத்தம் போடும் அலாரம் ஒன்று என் புத்தகத்தில் இருந்தது. தொட்டி விளிம்பில் இரண்டு கம்பி, அங்கிருந்து சமையலறை வரை ஒயர், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர், இரண்டு பென்சில் பேட்டரி. ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் என்னிடம் இல்லை. நானூற்றெழுபதில் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கிப் போட்டேன். அறுபது குறைந்தால் குடி முழுகிவிடாது. இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

டிரான்சிஸ்டரும் புத்தகத்தில் சொன்ன நம்பர் கிடைக்கவில்லை. டவுன் கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்து, "வேல அதே வேலதான். காலு வரிசை மட்டும் மாறும், பாத்துப் போடு பாப்பா" என்றார். மூன்று கால் சாமானுக்கு இத்தனை உபதேசமா என்று நினைத்துக்கொண்டு, புத்தகப் படத்தில் இருந்தபடியே பற்றவைத்தேன்.

சோதித்துப் பார்க்க, மாமா தொண்டை கொப்பளிக்க வைத்திருந்த உப்புத் தண்ணீர் டம்ளர் அகப்பட்டது. கம்பிகளை விட்டதும் அலறியது. மாமாவே அசந்துபோய், "பரவால்லியே" என்றார். "இனிமே அத்தை மாடி ஏறவே வேணாம் மாமா" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

பௌர்ணமியன்று காலையிலிருந்தே கூட்டம். வாசலில் நின்று வருகிறவர்களுக்கு அறை காட்டுவது என் வேலை. சமையலறைச் சத்தம் அங்கே கேட்காது. மோட்டார் ஓய்ந்ததும் உள்ளே ஓடி, "அடிச்சுதா அத்தை?" என்பேன். "ஜோரா அடிச்சுது, நிறுத்திட்டேன்" என்பாள். அவளுக்கு மூச்சு வாங்கும். வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அன்று முழுக்க ஒரு சொட்டு வழியவில்லை. சாயங்காலம் மாமா பக்கத்து வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அத்தை உள்ளங்காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சிரித்தாள்.

இப்போது அறைகள் எட்டு. போன மாதம் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி மாட்ட நானே போனேன்; என் தொழிலே இன்று அதுதான். சுவரில் தொங்கிக்கொண்டிருந்த பழைய அலாரத்தைக் கழற்றிப் பிரித்தால், டிரான்சிஸ்டரின் ஓரக் கால்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. அப்படிப் போட்டால் அதன் பலம் குறைந்துவிடும்; மின்சாரம் நன்றாகப் பாயும் உப்புத் தண்ணீருக்கு அலறும். தொட்டியில் ஏறும் போர்வெல் தண்ணீருக்கு வாயே திறக்காது.

"அத்தை, இது அன்னிக்கு அடிச்சிருக்கவே முடியாதே."

"ஒரு தபா கூட அடிக்கலடி. மாமாகிட்ட அப்படி நிமிந்து நின்னு சொல்லிட்ட. நான் போயி இல்லன்னு சொல்ல முடியுமா? மேல ஓடிப்போய்ப் பாத்துப் பாத்து நிறுத்தினேன். அந்த அவசரத்துல செருப்பு எங்க போடறது?"

சித்திரை வெயிலில் மலையைச் சுற்றி வந்தவர்களின் கால் கொப்புளங்களைப் பார்த்து அன்று பாவப்பட்டேன். வீட்டு வாசலைத் தாண்டாத அத்தையின் காலில் எப்படிக் கொப்புளம் வந்தது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.